நகராத வண்டியின் பிரேக்

எங்கும் போகப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்த ஒரு வண்டியை, எதற்காக ஒருவர் இத்தனை கெட்டியாகக் கட்ட வேண்டும்?

இது நான் கிளப்பிய கேள்வி அல்ல. நாம் பார்க்கப்போகிறவரின் வாழ்க்கை தானாகவே கிளப்பிக்கொண்டிருந்த கேள்வி. வீட்டில் எல்லோருக்கும் அது கேட்டது. அவருக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் அப்போது ஒரு போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

மனிதர்களை ஓட்டுபவர்கள், ஓட்டப்படுபவர்கள் என்று இரண்டாகப் பிரித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு திருத்தம். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அதற்கு ஆயத்தக்காரர் என்று பெயர் வைக்கலாம். இவர் ஓட்டப்போகிறவர். இருக்கை வந்த பிறகு, வந்த இருக்கையின் சாய்வைச் சரி செய்த பிறகு, சரி செய்த சாய்வுக்கு ஏற்றபடி பெடலை நகர்த்திய பிறகு, நகர்த்திய பெடலுக்காக இருக்கையின் சாய்வை மறுபடியும் மாற்றிய பிறகு, கட்டாயம் ஓட்டப்போகிறவர். இந்த இனத்தில் உட்பிரிவுகள் ஏராளம். அவற்றில் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருப்பவர், வீட்டுக்குள்ளேயே பந்தயக் கார் ஓட்டுவதற்கு ஓர் ஆசனம் கட்டுகிறவர்.

ரேசிங் சிமுலேட்டர் காக்பிட் என்பது அந்த ஆசனத்தின் முழுப் பெயர். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பந்தயக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இன்ஜினைக் கழியுங்கள். சக்கரங்களை, கதவுகளை, பெட்ரோலை, சாலையை, உயிருக்கு வரும் ஆபத்தை ஒவ்வொன்றாகக் கழியுங்கள். கடைசியில் ஓர் இருக்கை, ஒரு ஸ்டியரிங், சில பெடல்கள், எதிரே ஒரு பெரிய திரை மிஞ்சும். அதுதான் இது. விலையை மட்டும் யாரும் கழிக்க மாட்டார்கள்.

நமது ஆளை அலுவலகத்தில் 'பைலட்' என்று கூப்பிடுவார்கள். பட்டம் கேலியாக வைத்தது. அவர் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார். வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. நசுங்கிய கார்களின் புகைப்படங்களைப் பார்த்து, யார் யாரை எந்தப் பக்கத்திலிருந்து இடித்திருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்து, சொந்தக் காரை அவர் ஓட்டும் விதமே தனியாகிவிட்டது. நாய் குறுக்கே வந்தால் நிறுத்துவார். நாய் வரலாம் என்று தோன்றினாலும் நிறுத்துவார். சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப்போவார்கள். இப்படிப்பட்டவருக்குப் பந்தயக் கார் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? உப்பில்லாமல் சாப்பிடச் சொல்லப்பட்டவரிடம் ஊறுகாயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று தெரியும்.

இனி மனைவி. உங்களுக்கு அவரைத் தெரியும். லிஃப்டில் ஏறியதும் "கதவு மூடுகிறது" என்று ஒரு குரல் வருகிறதே, தொலைபேசியில் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், காத்திருக்கவும்" என்று உங்களைக் கட்டிப்போடுகிறதே, அந்தக் குரல். ஊரில் பாதிப் பேர் நாள்தோறும் அந்த அம்மாள் சொன்னபடி விலகி நிற்கிறார்கள். பைலட் மட்டும் ஏன் நிற்பதில்லை என்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

இவ்வளவு அதிகாரமுள்ள குரல் பிறக்குமிடம், படுக்கையறைத் துணி அலமாரி. தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்பதால், சட்டைகளுக்கும் புடவைகளுக்கும் நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, மைக்கின் முன்னால் உட்கார்ந்து பதிவு செய்வார். பைலட்டின் முதல் பந்தயத் தளமும் அதே அறைதான். அலமாரிக்கு எதிரே ஒரு மேஜை, மேஜை விளிம்பில் கவ்விப் பிடித்த ஸ்டியரிங், கீழே பெடல், உட்கார அலுவலக நாற்காலி.

அலுவலக நாற்காலிக்கு அடியில் சக்கரம் இருக்கும் என்பதைத்தான் மனிதர் யோசிக்கவில்லை.

முதல் வளைவு வந்தது. பந்தய வீரருக்குரிய மூர்க்கத்தோடு பிரேக்கை மிதித்தார். திரையில் இருந்த கார் நின்றது. நாற்காலி கிளம்பியது. பின்பக்கமாக ஓடிப்போய் அலமாரிக் கதவில் மோதியது. உள்ளே, "தயவுசெய்து வழியை விட்டு விலகி" என்று சொல்லிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. கதவு திறந்தது. தலையில் ஹெட்ஃபோனும், ஹெட்ஃபோன் மேல் ஒரு சட்டைக் கையுமாக மனைவி எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, உள்ள ஒரு மனுஷி வேலை பாத்துட்டிருக்கேன்."

"பிரேக் போட்டேன்மா."

"பிரேக் போட்டா வண்டி நிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். வந்து இடிக்குமா?"

"நாற்காலிதான் ஆடுது. கெட்டியா ஒண்ணு இருந்தா சரியாயிடும்."

'ஆடுது' என்ற அந்த ஒரு சொல்லில் ஆரம்பித்தது எல்லாம். ஆயத்தக்காரரின் மூல மந்திரம் அதுதான். அன்று முதல் பைலட்டுக்கு உலகத்தில் எதுவுமே ஆடாமல் இல்லை. சாப்பாட்டு மேஜையைக் கட்டைவிரலால் அழுத்தி "ஆடுது" என்பார். அலுவலகக் கூட்டத்தில் தலைவர் பேசும்போது அவருடைய மேடையை அழுத்திப் பார்ப்பார். பல் மருத்துவரிடம் போய் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்காலியின் சாய்வு எத்தனை டிகிரி என்று கேட்டார். மருத்துவர் வலிக்கிறதாக்கும் என்று இன்னொரு ஊசி போட்டார்.

பின்னறை ஒன்று இருந்தது. பழைய பெட்டிகள் குடியிருந்த அறை. ஒரு ஜன்னல், கனமான கதவு, சத்தமில்லாத பக்கம். அதை ஒழித்தால் காக்பிட் வைக்கலாம் என்று பைலட்டுக்கு எந்த வாரத்தில் தோன்றியதோ, அதே வாரத்தில் அதை ஒழித்தால் மைக் வைக்கலாம் என்று மனைவிக்கும் தோன்றியது. அவருக்குக் காரணம் இருந்தது. ஒலிப்புத்தகம் தயாரிக்கும் ஒரு நிறுவனம், ஒரு பெரிய நாவலை முழுவதுமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தது. "கதவு மூடுகிறது" என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு ஒரு கதவு திறந்த மாதிரி. ஆனால் மாதிரிப் பதிவைக் கேட்ட ஒலிப்பதிவாளர், பின்னணியில் ஏதோ உரசுகிறதே என்றார். ஹேங்கர். அலமாரியில் இருந்துகொண்டு லிஃப்டுக்குப் பேசலாம், நாவல் வாசிக்க முடியாது. தனி அறை இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு குரல் பார்த்துக்கொள்கிறோம் என்றுவிட்டார்கள்.

சண்டை வரவில்லை. வந்தது ஒப்பந்தம்.

"நீங்க ஓட்டவே போறதில்லைங்க," என்றார் மனைவி. "கட்டிட்டே இருப்பீங்க. அதுக்கு எதுக்கு ரூம்?"

"ஓட்டுவேன்."

"சரி. அந்த இன்டர்நெட் பந்தயம் ஒண்ணு வருதுன்னீங்களே, அதுல கலந்துக்கங்க. ஜெயிக்க வேணாம். கடைசியா வந்தாக்கூடப் போதும். ஆரம்பிச்சு, முடிச்சு, அந்தக் கோட்டைத் தாண்டிட்டீங்கன்னா ரூம் உங்களுது. நான் வேற குரல் பாத்துக்கச் சொல்லிடறேன். தாண்டலேன்னா ரூம் எனக்கு. வாயே திறக்கக் கூடாது."

பைலட் ஒப்புக்கொண்டார். பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் மனைவி அந்த நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதற்குள் காக்பிட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்களும் நானும் என்றால் கடைக்குப் போய் ஒன்றை வாங்கி வருவோம். ஆயத்தக்காரர் அப்படிச் செய்தால் இனத்தை விட்டே தள்ளிவைத்துவிடுவார்கள். அவர் முதலில் காணொளிகள் பார்த்தார். எங்கோ ஒரு மனிதர் ஒரு பெடலைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை விளக்கொளியில் திருப்பித் திருப்பிக் காட்டுவதை, மற்றவர்கள் மர்மப்படம் பார்க்கும் முகத்தோடு பார்த்தார். பிறகு தன்னைத்தானே அளக்க ஆரம்பித்தார். தரையில் படுத்துக் காலைச் சுவரில் சாய்த்து, இடுப்பிலிருந்து முழங்கால் எவ்வளவு, முழங்காலிலிருந்து குதிகால் எவ்வளவு என்று டேப் பிடித்தார். கண்ணுக்கும் திரைக்கும் இடையில் இருக்கும் தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டாம். அதற்கு மனைவி டேப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"மூக்குலேர்ந்தா, கண்ணுலேர்ந்தா?"

"கண்ணுலேர்ந்து."

"எந்தக் கண்ணு?"

அன்று சாயங்காலம் பைலட் வேறு எதையும் யோசிக்கவில்லை.

பிரேக் விஷயம் இதைவிட ஆழமானது. நல்ல பிரேக், கால் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்க்காது. எவ்வளவு எடையோடு அழுத்துகிறது என்று பார்க்கும். தன் காலின் பலம் எவ்வளவு என்று தெரியாமல் அதை எப்படி வாங்குவது? குளியலறையில் இருந்த எடை பார்க்கும் கருவியைச் சுவரில் சாய்த்து, எதிரே மல்லாந்து படுத்து, முக்கி முனகி அதை மிதித்துக்கொண்டிருந்தவரை மனைவி கதவோரம் நின்று பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"பிரேக் போடறேன்."

"எதுக்கு?"

"வேகமாப் போறதுக்கு. பிரேக்கை நம்பறவன்தாம்மா வேகமாப் போக முடியும்."

யோசித்துப் பார்த்தால் இது மோசமான வாக்கியமில்லை. தடித்த புத்தகங்களில் இதைவிடச் சாதாரணமானவற்றையெல்லாம் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். குளியலறைத் தரையில் படுத்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டாம்.

இருக்கை வந்தது. ஏறுவது எளிது, இறங்குவதற்கு இன்னொருவர் வேண்டும் என்ற வகை. கூடத்தின் நடுவில் தரையிலேயே போட்டு, உடம்பு அதற்குப் பழக வேண்டும் என்று அதில் உட்கார்ந்தே சாப்பிட்டார். தட்டு முகவாய்க்கு நேராக வந்தது. குழம்பு சட்டைக்கு நேராக வந்தது. பிறகு பெட்டிகள் வந்தன. அலுமினியச் சட்டங்கள், மூலைத் துண்டுகள், டப்பா டப்பாவாக நட்டும் போல்ட்டும். அவற்றைப் பின்னறைத் தரையில் பரப்பி வைத்துவிட்டு பைலட் நடுவில் நின்ற நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் நிற்பாரே, அப்படி. சந்தோஷம் தாங்கவில்லை, கையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

ஒத்தாசைக்கு மைத்துனர் வந்தார். மனைவியின் தம்பி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? அதை மிதித்து மிதித்து அவர் வலது காலுக்குத் தனிப் புத்தி வந்துவிட்டது. யார் எதை ஓட்டினாலும், பக்கத்தில் இருந்தால் கால் தரையை மிதிக்கும். குழந்தை வண்டி தள்ளினால்கூட மிதிக்கும்.

"ஏன் அத்தான், நான் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கார்லயே உக்காந்திருக்கேன். எப்படா இறங்குவோம்னு இருக்கு. நீங்க வீட்டுக்குள்ள கட்டி வெச்சு ஏறப்போறீங்களா?"

"அது வேற மச்சான். உன் கார் போகும். இதுல நாம போவோம்."

"அக்கா, இவருக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாரு."

இந்தச் சட்டங்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். நட்டை அதன் முனை வழியாக உள்ளே விட்டு, வேண்டிய இடம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இரண்டு முனைகளையும் வேறு சட்டங்கள் வைத்துப் பூட்டிவிட்டால் அப்புறம் உள்ளே எதுவும் நுழையாது. ஆகவே பின்னால் என்னென்ன மாட்டப்போகிறோம் என்பதை முன்னாலேயே யோசித்து அத்தனை நட்டையும் முதலிலேயே விட்டுவிட வேண்டும். வாழ்க்கையைப் பற்றியும் இப்படி ஏதாவது சொல்லிவிடலாம். சொல்லப்போவதில்லை.

மத்தியானத்துக்குள் காக்பிட் எழுந்து நின்றது. ஸ்டியரிங் தாங்கியை வைத்து போல்ட் போட்டார்கள்.

"அத்தான், இங்க ஒரு ஓட்டை சும்மா இருக்கே."

பைலட் குனிந்து பார்த்தார். ஒரு நட்டு உள்ளே இல்லை. முனைகள் பூட்டியாகிவிட்டது.

"மீதியெல்லாம் போட்டாச்சுல்ல, விடுங்க. எங்க பயிற்சி வண்டியில சக்கரத்துக்கே ஒரு நட்டு இல்ல. ஓடிட்டுத்தான் இருக்கு."

"அந்த மாதிரி வண்டி போட்டோ எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும் மச்சான்."

மொத்தத்தையும் கழற்றினார்கள். மறுபடி கட்டினார்கள். இந்த முறை பெடல் பலகைக்கு வேண்டிய நட்டு வெளியே இருந்தது. கழற்றினார்கள். அடுத்த முறை இருக்கைக்கு. ஒவ்வொரு தடவையும் மைத்துனரின் முகம் கறுத்துக்கொண்டே போயிற்று. பைலட்டின் முகமோ, பரீட்சை தள்ளிப்போனது என்று கேள்விப்பட்ட மாணவன் முகம்போல மலர்ந்துகொண்டே போயிற்று. பாட்டுகூட முணுமுணுத்தார்.

"அக்கா," என்று மைத்துனர் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இவர் வேணும்னே மறக்கறாரு."

"எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றது கூடம். "மறக்கட்டும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் மறந்தா போதும்."

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் கட்டி முடித்துவிட்டார். யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டு, வேறு போல்ட் இருக்கிறதா என்று டப்பாவைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தார். டப்பா காலி. ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லாத நிலைமைக்கு ஓர் ஆயத்தக்காரர் வந்து சேர்வது அபூர்வம். வியர்க்காத அறையில் கையுறை மாட்டிக்கொண்டு, இருக்கைக்குள் இறங்கினார். மைத்துனர் வலது பக்கம் நின்றார். மனைவி வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாளை யாருக்கு என்ன பதில் சொல்வது என்பது அந்தத் திரையில் இருந்தது.

பச்சை விளக்கு எரிந்தது. எங்கெங்கோ தங்கள் தங்கள் வீட்டுப் பின்னறைகளில் உட்கார்ந்திருந்த ஆயத்தக்காரர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். முதல் வளைவிலேயே பாதிப் பேர் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக்கொண்டார்கள். பைலட்டோ, தெருவில் நாய்க்கு நிறுத்துகிற அதே முன்ஜாக்கிரதையோடு, அந்த வளைவுக்கு வெகுமுன்பே வேகத்தைக் குறைத்திருந்தார். யார் யாரை எந்தப் பக்கத்திலிருந்து இடிப்பார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்குப் புகைப்படம் தேவைப்படவில்லை. குவியலைச் சுற்றிக்கொண்டு மெதுவாக, மரியாதையாக, மறுபக்கம் வந்தார். முன்னால் இருந்த கூட்டம் இப்போது பின்னால் இருந்தது.

"அத்தான்," என்றார் மைத்துனர், திரையை எட்டிப் பார்த்து.

அப்புறம் அவர் ஓட்டினார். நிஜமாகவே ஓட்டினார். பிரேக்கை அவர் அழுத்தியபோது காக்பிட் இம்மியும் அசையவில்லை. மைத்துனர்தான் அசைந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய கால் தரையை மிதித்த மிதியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பின்னாலிருந்து ஒரு சிவப்புக் கார் நெருங்கியது. பைலட்டுக்கு அது தெரியவில்லை. அப்போதுதான் வாசற்படியிலிருந்து அந்தக் குரல் வந்தது. ஊரே கேட்டு நடக்கும் குரல்.

"இடது பக்கம் ஒரு வண்டி வருது. விட்டுடாதீங்க. இன்னும் பக்கத்துல இருக்கு. இருக்கு. பின்னால போயிடுச்சு. இப்ப நீங்க போகலாம்."

பைலட் அவர் சொன்னதைக் கேட்டு அப்படியே செய்தார். கல்யாணமான நாளிலிருந்து இது முதல் தடவையாக இருக்கலாம்.

"அக்கா, நீ யார் பக்கம்?"

"சும்மா இருடா. என்னங்க, முன்னால ஒருத்தர் வளைவுல வெளிப்பக்கமா ஒதுங்கிப் போறாரு. உள்பக்கம் வழி இருக்கு."

கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் இப்போது இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் அறையைத் தானே தாரைவார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது, அல்லது மறந்ததுபோல் இருப்பது அவ்வளவு நன்றாக இருந்தது.

கடைசிச் சுற்று. இந்த இடத்தில் பைலட்டைக் கொஞ்சம் அந்தரத்தில் விட்டுவிட்டு உங்களிடம் வருகிறேன். எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை உண்டு. இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், நல்லது. உங்கள் வீட்டில் உறை பிரிக்காத வர்ணப்பெட்டி ஏதாவது இருக்கிறதா? ஓடுவதற்கென்று வாங்கி, கடைக்குப் போக மட்டும் போட்டுக்கொள்ளும் காலணி? முன்னுரை முழுக்க அடிக்கோடிட்டு, முதல் அத்தியாயம் வெள்ளைவெளேரென்று இருக்கும் தத்துவ நூல்? அதெல்லாம் இல்லை என்கிறீர்கள். சரி. வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை, நல்ல சந்தர்ப்பம் வரட்டும் என்று வருஷக்கணக்காகத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அது எந்தக் கணக்கில் வரும்? போல்ட் வாங்குகிறவர்கள் மட்டும்தான் இந்த இனம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கொஞ்சம் சத்தம் குறைத்துச் சிரியுங்கள். பக்கத்து அறையில் யாராவது உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கலாம்.

பந்தயத்துக்குத் திரும்புவோம். கடைசி வளைவும் முடிந்து நேர்ச்சாலை வந்தது. தூரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு தெரிந்தது. பின்னால் யாரும் நெருக்கத்தில் இல்லை.

"அவ்வளவுதாங்க, நேராப் போங்க, முடிஞ்சுது," என்றார் மனைவி. அந்தக் குரல் எந்த லிஃப்டிலும் வந்ததில்லை. கொஞ்சம் உடைந்திருந்தது.

பைலட் பிரேக்கை அழுத்தினார்.

கார் வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, கோட்டுக்குச் சற்று முன்னால், ஓரமாக, பிறருக்கு இடைஞ்சல் இல்லாமல் நின்றது.

"என்ன அத்தான், மாட்டிக்கிச்சா? பெடல் லூசா?"

பெடலுக்கு ஒன்றுமில்லை. இன்ஜின் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. சிவப்புக் கார் தாண்டிப் போனது. அடுத்தது போனது. முதல் வளைவில் குவிந்து கிடந்தவர்களில் கடைசி ஆள்கூட ஒரு பக்கம் நசுங்கிய வண்டியோடு தத்தித் தத்தி வந்து, கோட்டைத் தாண்டிவிட்டுப் போனார். திரையில் பந்தயம் முடிந்தது என்று எழுத்து வந்தது.

"ஏங்க நிறுத்தினீங்க?" என்று மனைவி கேட்டார்.

பைலட் கையுறையை விரல் விரலாக உருவினார். இரண்டு கையையும் மைத்துனரிடம் நீட்டி, இருக்கையிலிருந்து தூக்கிவிடச் சொன்னார். மனைவி அதே கேள்வியை இன்னொரு தரம், மெதுவாகக் கேட்டார். பைலட் பின்னறைக் கதவை அகலத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் ஒரு காலிப் பெட்டியை முட்டுக்கொடுத்து வைத்தார். பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முதல் போல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்.